குள்ளர் வீட்டுக்கு ஒரு பிரயாணம்

‘ஜவ்வாது’ என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பூஜை அறை மாடத்தில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னஞ்சிறு டப்பிதானே? ஒரு சிட்டிகை எடுத்துச் சந்தனத்தில் குழைத்து விட்டால் வீடு முழுவதும் கமகமவென்று மணக்குமே, அதுதானே? எனக்கும் வெகுநாள் வரையில் ஜவ்வாது என்றால் அந்த டப்பிதான். அந்தப் பெயரில் ஒரு மலை இருக்கிறது என்பதையும், அந்த மலைமேல் குள்ளர்கள் வாழ்ந்த வீடுகள் இருப்பதாக ஊரார் சொல்கிறார்கள் என்பதையும் கேள்விப்பட்டபோது, நேயர்களே, எனக்குக் கால் தரையில் பாவவில்லை!

இந்தச் செய்தியை வீட்டில் சொன்னதுதான் தாமதம். என் அக்காவின் பெண் (எட்டு வயது, மூன்று பல் விழுந்திருக்கிறது) என் புடவைத் தலைப்பைப் பிடித்துக் கொண்டு விட்டாள்.

“சித்தி! எத்தனை குள்ளர்கள்? ஏழு பேரா?”

“அதைப் போய்த்தானே பார்க்க வேண்டும்?”

“அப்படியானால் நானும் வருவேன்!”

பெண் வந்தால் தாயும் வரத்தானே வேண்டும்? கோடை விடுமுறையில் ஒரு நாள் விடியற்காலை மூவரும் புறப்பட்டோம். அக்கா ஒரு கூடை நிறையப் புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக் கொண்டாள். பெண் ஒரு துணிப்பை நிறையக் கதைப் புத்தகங்களைக் கட்டிக் கொண்டாள். இரண்டில் எது கனம் என்று கேட்டால், பஸ் ஏறும் வரையில் இரண்டையும் சுமந்த என்னைத்தான் கேட்க வேண்டும்.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. செய்யாறு பிறப்பது இங்கேதான். ஆலங்காயத்தின் பக்கமாக ஏறினால் காவலூர் வான் நோக்குக் கூடத்தைப் பார்க்கலாம். விண்மீன்களைப் பார்ப்பதற்கென்று 1986-ல் திறந்து வைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. நாங்கள் ஏறியது போளூரின் பக்கமாக. மலைமேல் உள்ள முக்கியமான ஊர் ஜமுனாமரத்தூர்.

படத்தில் இருந்த பெண்

பஸ் வளைந்து வளைந்து ஏறியது. நான் ஜன்னல் வழியாக மூங்கில் புதர்களையும் பள்ளத்தாக்கையும் பார்த்துக் கொண்டிருந்தேன். அக்கா கண்ணை மூடிக் கொண்டு எல்லாத் தெய்வங்களையும் வேண்டிக் கொண்டிருந்தாள். பெண்ணோ மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக் கொண்டு, பனி போன்ற வெண்மையான ராஜகுமாரியும் ஏழு குள்ளர்களும் இருக்கும் பக்கத்தை விட்டு அசையவே இல்லை.

அந்தக் கதையை உங்களில் அறியாதவர் யார்? ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் ஊர்க் கதைகளைச் சேர்த்து, 1812-ல் முதல் தொகுதியை வெளியிட்டார்கள். அந்தப் புத்தகத்தில் படமே இல்லை என்றால் நம்புவீர்களா? குழந்தைகளுக்கு என்று கூட அவர்கள் அதை முக்கியமாக எண்ணவில்லை. பண்டிதர்களுக்கான சேகரிப்பாகத்தான் இருந்தது. 1823-ல் லண்டனில் அதன் ஆங்கிலப் பதிப்பு வந்தபோது, ஜார்ஜ் குரூக்ஷாங்க் என்ற சித்திரக்காரர் அதற்குப் படம் போட்டார். புத்தகம் அமோகமாக விற்றது. அதற்குப் பிறகு, 1825-ல், கிரிம் சகோதரர்களும் 50 கதைகளை மட்டும் பொறுக்கி ஒரு சிறு பதிப்பு போட்டார்கள். அதற்கு ஏழு படங்கள் வரைந்தவர் அவர்களுடைய சொந்தத் தம்பி லுட்விக்! அண்ணன்மார் கதை சொல்ல, தம்பி படம் வரைய, புத்தகம் பண்டிதர் மேஜையிலிருந்து இறங்கிப் பிள்ளைகளின் மடிக்கு வந்தது.

பிறகு எத்தனை எத்தனை சித்திரக்காரர்கள்! ஆர்தர் ராக்கம் என்பவர் 1909-ல் இதே கதைகளுக்கு 40 வண்ணப் படங்கள் வரைந்தார். அவர் வரைந்த மரங்களைப் பார்த்திருக்கிறீர்களா? வேர்கள் விரல்களாக நீளும். அடிமரத்தில் ஒரு கிழட்டு முகம் உங்களையே பார்த்துக் கொண்டிருக்கும். சின்ன வயதில் அதைப் பார்த்துவிட்டுக் கொல்லைப்புறத்து முருங்கை மரத்தைக் கண்டு ஒரு வாரம் நான் பயந்திருக்கிறேன்.

நம் வீட்டிலும் அப்படி ஒரு மந்திரவாதி இருந்தார். ‘அம்புலிமாமா’ 1947-ல் தொடங்கியது உங்களுக்குத் தெரியும். அதில் தோளில் பிணத்தைச் சுமந்து கொண்டு, கையில் வாளோடு சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்த சங்கரைத்தான் சொல்கிறேன். அவருடைய முழுப் பெயர் கே. சி. சிவசங்கரன், 1924-ல் பிறந்தவர், சென்னைக் கலைக் கல்லூரியில் படித்தவர். 1950-களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவில் சேர்ந்து, அந்தப் பத்திரிகை நிற்கும் வரையில் அறுபது ஆண்டுகள் வரைந்து கொண்டே இருந்தார். 2020-ல் காலமானார். மறு ஆண்டு அவர் பெயருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

என் பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அம்புலிமாமா வீட்டுக்குள் வந்தால் முதலில் அது அவள் கைக்குத்தான் போகும். மூக்குக் கண்ணாடியை மாட்டிக் கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்ப்பாள். “இந்த அமைச்சன் முழி சரியில்லை. இவன்தான் ஏதோ சூது செய்திருக்கிறான்” என்பாள். பிறகு என்னை வாசிக்கச் சொல்வாள். பத்துக்கு எட்டு தடவை அமைச்சன்தான் சூது செய்திருப்பான்! எழுத்து அறியாதவரையும் கதைக்குள் கை பிடித்து அழைத்துப் போவது படம். அதைப் புத்தகத்துக்கு அலங்காரம் என்று சொல்வது, வீட்டின் வாசற்கதவை அலங்காரம் என்று சொல்வது போல.

கல்லால் ஒரு வீடு

ஜமுனாமரத்தூரில் இறங்கி, வழி கேட்டு, ஒரு ஜீப்பில் குலுங்கி, பிறகு நடந்து, கடைசியில் குள்ளர் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

பாறை வெளியில், பெரிய பெரிய கற்பலகைகளைச் சுவராக நிறுத்தி, மேலே ஒரு பலகையைக் கூரையாகப் போட்டிருக்கிறது. ஒரு பக்கத்துப் பலகையில் வட்டமாக ஒரு துளை. அந்தத் துளைக்குள் ஒரு குழந்தைதான் தாராளமாக நுழையலாம். எங்கும் காற்றின் ஓசை. தூரத்தில் ஆட்டு மணி. ராக்கம் பார்த்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து வரைய ஆரம்பித்திருப்பார்.

“குள்ளர்கள் வேலைக்குப் போயிருக்கிறார்களா, சித்தி?” என்று அக்கா பெண் ரகசியமாகக் கேட்டாள்.

விஷயம் அறிந்தவர்கள் இவற்றைக் கற்திட்டைகள் என்கிறார்கள். பெருங்கற்காலத்து மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பிய நினைவிடங்கள் இவை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. அந்த வட்டமான வாசலுக்கு ‘இடுதுளை’ என்று பெயர். ஆனால் இத்தனை சிறிய வாசல் உள்ள வீட்டைக் கண்ட ஊர் ஜனங்கள், இதில் குடியிருந்தவர்களும் சிறியவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்து விட்டார்கள். எவ்வளவு நியாயமான யோசனை! ஜெர்மனியில் ஒரு பாட்டியும் ஜவ்வாது மலையில் ஒரு பாட்டியும், ஒருவரை ஒருவர் அறியாமலே, குள்ளர்களுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

எட்டு வயதுப் பெண்ணிடம் இது சமாதி என்று சொல்வதா, வேண்டாமா என்று எனக்கு யோசனை. சொல்லி விட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, “அப்படியென்றால் அவர்களை ரொம்பப் பிரியமாக வைத்துக் கொண்டிருந்தார்கள் போலிருக்கு. இவ்வளவு பெரிய கல்லைத் தூக்கியிருக்கிறார்களே!” என்றாள். எனக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

பாட்டி கேட்ட கேள்வி

திரும்பி வரும் வழியில் ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டோம். பாட்டி ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக் கொண்டிருந்தாள். தண்ணீரோடு பலாச்சுளையும் வந்தது. பாட்டியின் பேத்திக்குப் பத்து வயதிருக்கும். உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கிறவள், விடுமுறைக்கு வந்திருந்தாள். இரண்டு சிறுமிகளும் ஐந்து நிமிஷம் ஒருவரை ஒருவர் முறைத்துப் பார்த்தார்கள். ஆறாவது நிமிஷம் துணிப்பை அவிழ்ந்தது. அப்புறம் அவர்களைப் பிரிக்க யாரால் முடியும்?

பேத்தி படித்தாள், பாட்டி எட்டிப் பார்த்தாள். கண்ணாடிப் பெட்டியில் ராஜகுமாரி படுத்திருக்க, குள்ளர்கள் சுற்றி நின்று அழும் படம்.

“இந்தப் பொண்ணு சாகலை. முகத்தைப் பார்த்தாலே தெரியுது” என்றாள் பாட்டி. எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. என் பாட்டியே பேசுவது போல் இருந்தது!

“சுத்தி நிக்கிறவங்க எத்தனை பேரு கண்ணு?”

“ஏழு பேரு, ஆயா.”

ஏழு என்றதும் எனக்கு ஒரு கதை ஞாபகம் வந்தது. இந்த மலையில் வாழ்பவர்கள் பெரும்பாலும் ‘மலையாளி’ என்ற பழங்குடியினர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை, பேசுவது தமிழ்தான். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்கள் சொல்வதுண்டு. கொல்லிமலை, பச்சைமலைப் பக்கங்களில் இது பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்களின் கதையாக இருக்கிறது. ஜவ்வாது மலைக்கென்று சொல்லப்பட்ட கதையை, தென்னிந்திய ஜாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட பெரிய நூலில் படித்திருக்கிறேன். அதைப் பாட்டிக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், கேளுங்கள்.

சக ஆண்டு 1055-ல், அதாவது ஏறக்குறைய 1133-ல், கங்குந்தியைச் சேர்ந்த வேடர்கள் காஞ்சிபுரத்து வேளாளர்களிடம் பெண் கேட்டார்களாம். இவர்கள் ஏளனமாக மறுத்து விட்டார்கள். கோபம் கொண்ட வேடர்கள் ஏழு கன்னிப் பெண்களைத் தூக்கிக் கொண்டு போய் விட்டார்கள். அவர்களை மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்பட்டார்கள். புறப்படும்போது மனைவியரிடம், “நாய்கள் மட்டும் தனியாகத் திரும்பி வந்தால் நாங்கள் இறந்து விட்டோம் என்று அறிந்து கொள்ளுங்கள். செய்ய வேண்டிய சடங்குகளைச் செய்து விடுங்கள்” என்று சொல்லிப் போனார்கள்.

பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் தட்டுத் தடுமாறி நீந்திக் கரை ஏறி விட்டார்கள். நாய்கள் பாதி ஆறு வரையில் நீந்தின, முடியவில்லை, திரும்பி விட்டன. திரும்பி எங்கே போகும்? வீட்டுக்குத்தான். ஏழு வாசல்களிலும் நாய்கள் தனியாக வந்து நின்றன.

அந்த ஏழு பேரும் வேடர்களை வென்று ஊர் திரும்பியபோது, அவர்களுக்குக் கருமாதி முடிந்திருந்தது. மனைவியர் விதவைகளாகி இருந்தார்கள். செத்தவர்கள் திரும்பி வந்தால் ஊர் ஏற்குமா? ஏற்கவில்லை. அவர்கள் வேடர்குலப் பெண்களை மணந்து கொண்டு, ஜவ்வாது மலைக்கு ஏறிப் போய்ப் பயிர் செய்து வாழ்ந்தார்கள். இது கதை, சரித்திரம் என்று நான் சொல்லவில்லை.

சொல்லி முடித்து, பாட்டி ‘சபாஷ்’ போடுவாள் என்று எதிர்பார்த்துக் கொண்டிருந்தேன். அவள் கையிலிருந்த புளியைக் கீழே வைத்தாள்.

“ஏம்மா, காஞ்சிவரத்துல இருந்த அந்தப் பொம்பளைங்க என்ன ஆனாங்க?”

“எந்தப் பெண்கள், பாட்டி?”

“அதான், பொண்டாட்டிங்க. புருஷன் உசிரோட வாசல்ல வந்து நிக்கிறான். அழிச்ச பொட்டை மறுபடி வெச்சாங்களா, இல்லியா?”

நேயர்களே, அந்தக் கதையை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். வெள்ளத்தையும் நாய்களையும் வியந்திருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை. “தெரியவில்லை, பாட்டி” என்றேன். “எழுதினவரு கேட்டிருக்க மாட்டாரு” என்று சொல்லி விட்டு, அவள் மறுபடியும் புளியைக் கையில் எடுத்துக் கொண்டாள்.

நம்மூர் ஆற்றுப்படை

இறங்கும்போது செங்கத்தின் பக்கமாக வந்தோம். சாதாரண ஊர் என்று நினைக்காதீர்கள். சங்க காலத்தில் நன்னன் ஆண்ட செங்கண்மா இதுதான். பத்துப்பாட்டில் ஒன்றான ‘மலைபடுகடாம்’ அவன்மீது பாடியது, 583 அடிகள். அதில் என்ன இருக்கிறது தெரியுமா? நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவன், வழியில் வறுமையோடு வரும் கூத்தர்களைக் கண்டு, “நீங்களும் அங்கே போங்கள்” என்கிறான். அதோடு விடவில்லை. எந்த வழியாகப் போக வேண்டும், எங்கே குழி இருக்கிறது, எங்கே பாம்பு இருக்கிறது, தினைப்புனம் காப்பவர்கள் எறியும் கவண் கல்லுக்கு எங்கே ஒதுங்க வேண்டும், எந்த ஊரில் சோறு போடுவார்கள் என்று எல்லாவற்றையும் சொல்லி அனுப்புகிறான். இதற்குத்தான் ஆற்றுப்படை என்று பெயர்.

நல்ல புத்தகம் ஒன்றைப் படித்து விட்டு அடுத்த வீட்டு மாமியிடம் நாம் செய்வதும் அதுதானே? “முதல் பத்துப் பக்கம் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக் கொள்ளுங்கள். ஐந்தாவது அத்தியாயத்துக்குக் கைக்குட்டை வைத்துக் கொள்ளுங்கள்” என்று சொல்கிறோமே, அதுவும் ஆற்றுப்படைதான்!

இதே மலையின் அடிவாரத்தில், சிங்காரப்பேட்டைக்குப் பக்கத்தில் புளியானூரில், ‘குக்கூ காட்டுப்பள்ளி’ இருக்கிறது. குக்கூ அன்பர்கள் ‘தும்பி’ என்று குழந்தைகளுக்காக ஒரு மாத இதழ் கொண்டு வந்தார்கள். தமிழும் ஆங்கிலமுமாக, பக்கம் நிறையச் சித்திரங்களோடு. பழைய இதழ் உங்கள் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

நான் மட்டும் பரிசு பெற்று விட்டுச் சும்மா போகலாமா? எனக்குத் தெரிந்த மூன்று வழிகளைச் சொல்லி விடுகிறேன்.

முதலாவது, ‘டோட்டோ சான்’. டெட்சுகோ குரோயானாகி தம் பள்ளி நாட்களைப் பற்றி எழுதிய ஜப்பானிய நூல். தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது. அதன் படங்களை வரைந்த சிஹிரோ இவாசாகி 1974-லேயே மறைந்து விட்டார். புத்தகம் வந்ததோ 1981-ல். அவர் விட்டுச் சென்ற ஓவியங்களிலிருந்து தேடி எடுத்துச் சேர்த்தவை அவை. ஆனாலும் ஒவ்வொன்றும் அந்தப் பெண்ணுக்கென்றே வரைந்தது போல இருக்கும். கடைசிப் பக்கங்களில் கண் கலங்கும். முன்னமே சொல்லி விடுகிறேன்.

இரண்டாவது, மரங்களின் இரவு வாழ்க்கையைப் பற்றிச் சென்னை தாரா புக்ஸ் 2006-ல் வெளியிட்ட ஆங்கிலப் படப் புத்தகம். கறுப்புத் தாளில் கையால் அச்சிட்டது. வரைந்தவர்கள் மத்தியப் பிரதேசத்துக் கோண்டு பழங்குடிக் கலைஞர்களான பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி. விலை கொஞ்சம் கடிக்கும். நாலு வீடு சேர்ந்து வாங்கிக் கைமாற்றிக் கொள்ளலாம். ஆங்கிலம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். மரத்தைப் பார்க்கப் பாஷை எதற்கு?

மூன்றாவதற்குக் காசே வேண்டாம். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை 2023-ல் தொடங்கிய ‘வாசிப்பு இயக்க’த்தின் சின்னஞ்சிறு கதைப் புத்தகங்கள் அவை. நுழை, நட, ஓடு, பற என்று நாலு படிகள்! அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் உங்கள் தெருவில் இருந்தால், கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அந்தக் கோண்டுப் புத்தகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆசை வருகிறது. தங்கள் காட்டு மரத்தைத் தாங்களே வரைந்து அவர்கள் உலகத்துக்குக் காட்டி விட்டார்கள். ஜவ்வாது மலைப் பேத்திக்குப் பனி பெய்யும் தேசத்துக் குள்ளர் வீடு தெரிகிறது. தன் ஊர்க் குள்ளர் வீட்டை எந்தப் புத்தகத்திலாவது அவள் பார்த்திருப்பாளா? அந்தப் பாட்டிகள் இருக்கும்போதே யாராவது உட்கார்ந்து கேட்டு, எழுதி, வரைய வேண்டாமா? முக்கியமாக, எழுதினவர் கேட்காமல் விட்டதை!

பஸ்ஸில் வரும்போது பார்த்தால் துணிப்பை இளைத்திருந்தது. குள்ளர் புத்தகத்தைக் காணோம்.

“அவளுக்குக் கொடுத்து விட்டேன், சித்தி. அவள் படித்து விட்டு அவள் சிநேகிதிக்குக் கொடுப்பாளாம்” என்றாள் அக்கா பெண். பிறகு என் குறிப்புப் புத்தகத்தையும் பென்சிலையும் பிடுங்கிக் கொண்டு ஏதோ வரைய ஆரம்பித்தாள். வெள்ளம் வரைகிறாளாக்கும் என்று எட்டிப் பார்த்தேன். வெள்ளம் இல்லை. ஒரு வாசற்படி, படியில் நனைந்த நாய் ஒன்று, அதற்கு எதிரே ஒரு பெண்.

வரைந்து கொண்டே வந்தவள், பென்சிலை நிறுத்தி நிமிர்ந்தாள்.

“சித்தி, இவளுக்குப் பொட்டு வைக்கட்டுமா, வேண்டாமா?”

நான் விழித்தேன். அதுவரையில் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொண்டு ஒரு வார்த்தை கூடப் பேசாமல் வந்த அக்கா, திரும்பாமலே சொன்னாள்:

“வை. பெரிசாகவே வை.”

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?